வேலையை விடுவதா, தொடர்வதா? முடக்குவாதத்தோடு வாழும் சகோதரிகளுக்கு

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில், பருத்தித்துறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் உடல்நலம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் என்னிடம் கேட்டார். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மார்பகப் புற்றுநோய் என்று பல தலைப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத ஒன்றை நான் தெரிந்தெடுத்தேன். அது ரூமற்றோயிட் ஆத்ரைற்றிஸ் எனப்படும் முடக்குவாதம். அதிலும் நோயைப் பற்றி மட்டுமல்ல, அந்த நோய் வந்த ஒரு பெண் தன் வேலையைத் தொடர்வதா விடுவதா என்ற கேள்வியைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

நூற்றாண்டு விழாவில் இது என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பெண்பிள்ளை வேலைக்குப் போவதா என்று ஊர் கேட்ட காலத்தில் பிள்ளைகளைப் படிப்பித்து, ஆசிரியைகளாகவும் தாதியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் வெளியே அனுப்பிய கல்லூரி இது. அப்படி அனுப்பிய பெண்கள் வேலையிலிருந்து எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பதும் எங்கள் சங்கத்துக்கு உரிய விடயந்தான்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது போகப் போக முழங்கால் தேய்ந்து நோகிறதே, அது வேறு. முடக்குவாதத்தில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய எங்கள் உடலின் காவல், மூட்டின் உட்சவ்வையே எதிரியாக எண்ணித் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, கவனியாமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூட. பெரும்பாலும் 30க்கும் 60க்கும் இடையில், அதாவது பிள்ளைகளும் பொறுப்பும் கூடிய வயதில் வருகிறது. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் ஒருமிக்க வீங்குவதும், காலையில் எழும்பியதும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கை விறைத்து நிற்பதும் இதன் அடையாளம்.

2006ஆம் ஆண்டின் கடைசியில் சிக்குன்குனியா எங்கள் குடாநாட்டைப் பிடித்து உலுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எந்த மூட்டு நோவையும் "அது அந்தக் காய்ச்சலின்ர மிச்சம்" என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டு இருப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஆறு கிழமைக்கு மேல் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தால் அதை மிச்சம் என்று எண்ணாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். நான் சொல்லப்போகும் பெண்களில் எவரும் தனி ஒருவர் அல்லர். கிளினிக்கில் கண்ட பலரை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு ஆசிரியை. 38 வயது. புலோலியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் போய்வருகிறார். ஆறு மாதமாகக் கை வீக்கம். வெண்கட்டி பிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியவில்லை. வீட்டில் எல்லோரும் அன்பானவர்கள். மாமியார் சொல்கிறார், "உனக்கேன் பிள்ளை இந்தக் கரைச்சல்? வேலையை விட்டிட்டு வீட்டில ஆறுதலா இரு." கணவரும் அதையே சொல்கிறார்.

அவர் வேலையை விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆறுதலாக இருந்து என்ன செய்வார்? காலையில் கிணற்றில் வாளி இழுப்பார். தேங்காய் திருவிப் பால் பிழிவார். இடியப்ப உரலை அழுத்துவார். மீன் வெட்டுவார். உடுப்புத் தோய்த்து முறுக்கிப் பிழிவார். முன்பு வேலைக்குப் போகிறாளே என்று மாமியார் செய்துவந்த வேலைகளும் இனி இவர் தலையில் வந்துவிடும். ஒரு வைத்தியராகச் சொல்கிறேன்: முடக்குவாதம் உள்ள கைக்கு, வெண்கட்டி பிடிப்பதைவிட ஈர உடுப்பை முறுக்குவது பல மடங்கு கெடுதி. முறுக்கும்போது விரல்கள் சின்னி விரல் பக்கமாகத் தள்ளப்படுகின்றன. இந்த நோய் விரல்களைக் கோணலாக்குவதும் அதே பக்கத்துக்குத்தான்.

வேலையை விடு என்று சொல்பவர்கள் எந்த வேலையைச் சொல்கிறார்கள்? சம்பளம் வரும் வேலையை. சம்பளம் வராத வேலையை விடும்படி எவரும் சொல்வதில்லை, அது வேலையாகக் கணக்கில் வருவதுமில்லை. முடக்குவாதம் வந்த ஒரு பெண் முடிவெடுக்கும்போது, வீட்டு வேலையையும் வெளி வேலையையும் ஒரே தாளில் எழுதி, எது கைக்குக் கெடுதி, எதை மற்றவர் செய்யலாம், எது தனக்கு வேண்டியது என்று பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இதுதான்.

அந்தத் தாளை எடுக்குமுன் ஒரு நிபந்தனை இருக்கிறது. நோய் கொதித்து நிற்கும் காலத்தில் வேலையைப் பற்றி இறுதி முடிவு எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் தேத்தண்ணிக் கோப்பையே மலையாகத் தெரியும். இந்த நோயின் போக்கை மாற்றும் மருந்துகள் பிடிக்கச் சில கிழமைகள் முதல் சில மாதங்கள் வரை செல்லும். பிடித்தபின் உங்கள் கை என்ன செய்யும் என்று பாருங்கள். அதுவரை லீவு எடுங்கள், ஆனால் விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்.

அந்த மருந்துகளில் முதன்மையானது மெதொட்ரெக்சேற். அதற்குப் பின்னால் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லி ஆய்வுகூடத்தில் அவருடைய வழிநடத்தலில் 1940களில் உருவானவையே இந்த வகை மருந்துகள். அவை முதலில் குருதிப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்காகப் பயன்பட்டன. 1948இல் சுப்பாராவ் காலமானார். அதே மருந்து சிறிய அளவில் முடக்குவாதத்தை அடக்கும் என்று பின்னர் தெரியவந்து, 1988இல் அமெரிக்காவில் அதற்கென அனுமதி கிடைத்தது. இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் போக முடியாது. இந்தக் குளிசை கிழமைக்கு ஒருநாள் மட்டுமே. நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் இதை எடுக்கக் கூடாது. பிள்ளை பெற எண்ணுபவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த மருந்துகள் இல்லாத காலத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு டொரதி ஹொட்ஜ்கினைச் சொல்லலாம். இங்கிலாந்தின் இரசாயனவியலாளர். 24 வயதில் கைகளில் நோவு தொடங்கியது. 28 வயதில் முதற்பிள்ளை பிறந்த பின் நோய் கடுமையாகத் தாக்கியது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அடங்கியிருந்து, பிறந்தபின் இந்த நோய் கிளம்புவதை நாங்களும் கிளினிக்கில் அடிக்கடி காண்கிறோம். சில கிழமைகள் சிகிச்சை பெற்று ஒக்ஸ்போர்ட்டில் தன் ஆய்வுகூடத்துக்குத் திரும்பியபோது, எக்ஸ்ரே இயந்திரத்தின் பிரதான சுவிட்சைத் திருப்ப அவருடைய கைக்குப் பலம் இல்லை. அவர் வேலையை விடவில்லை, அந்தச் சுவிட்சுக்கு ஒரு நீண்ட நெம்புகோலைப் பொருத்துவித்தார். அதன் பிறகுதான் பெனிசிலினின் கட்டமைப்பைக் கண்டார், பின்னர் விற்றமின் பி12இன் கட்டமைப்பைக் கண்டார். 1964இல் நொபெல் பரிசு பெற்றார். 1969இல் இன்சுலினின் கட்டமைப்பையும் வெளிப்படுத்தினார். எங்களுடைய நீரிழிவு நோயாளர் ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்களே, அதே இன்சுலின். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, 83 வயதில், 1993இல் பெய்ஜிங்கில் நடந்த அறிவியல் மாநாட்டுக்குப் போனார்.

நொபெல் பரிசு வாங்குங்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நெம்புகோலைக் கவனியுங்கள். கையை மாற்ற முடியாதபோது, கை தொடும் பொருளை மாற்றலாம்.

அதே நோய் இன்னொருவரை வேறு முடிவுக்குக் கொண்டுவந்தது. 1967 டிசம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்த கிறிஸ்ரியன் பார்னாட். அவருக்கு 1956இலேயே முடக்குவாதம் என்று கண்டறியப்பட்டிருந்தது. அதாவது அந்த இதயத்தை மாற்றிய கைகள் ஏற்கனவே பதினொரு வருடம் இந்த நோயைச் சுமந்த கைகள். 1983இல் அந்தக் கைகள் ஏலாது என்றபோது அவர் சத்திரசிகிச்சையை நிறுத்தினார். பிறகு நூல்கள் எழுதினார், மூட்டுவாதத்தோடு வாழ்வது பற்றியும் எழுதினார். ஹொட்ஜ்கின் தொடர்ந்தது சரியென்றால் பார்னாட் நிறுத்தியதும் சரிதான். சத்திரசிகிச்சைக் கத்திக்கு நெம்புகோல் பொருத்த முடியாது. வேலைக்கு வேலை வேறுபாடு உண்டு.

அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது? 1980இல் எட்வேட் யெலினும் சகாக்களும் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடக்குவாதம் வந்தவர்களில் யார் வேலையில் நிலைக்கிறார்கள், யார் விலகுகிறார்கள் என்று பார்த்தார்கள். நோய் எவ்வளவு கடுமை என்பதைவிட, வேலையின் வேகத்தையும் ஒழுங்கையும் தாமே தீர்மானிக்க முடிகிறதா என்பதே பெரிய காரணமாக இருந்தது. சொந்தத் தொழில் செய்பவர்கள் கூடுதலாக நிலைத்தார்கள்.

எங்கள் ஊரிலும் இதைக் காணலாம். வீட்டில் மெசின் வைத்துத் தைக்கும் ஒரு பெண், காலையில் கை விறைத்தால் பத்து மணிக்குத் தொடங்குவார். இரவு கொஞ்சம் கூடத் தைப்பார். அதே பெண் ஆடைத் தொழிற்சாலையில் வரிசையில் இருந்தால் ஒரு மாதமும் தாக்குப்பிடிக்க மாட்டார். நோய் ஒன்றுதான், கையும் ஒன்றுதான், ஆனால் நேரம் யார் கையில் இருக்கிறது என்பது வேறு.

ஆகவே "என்னால் வேலை செய்ய முடியுமா?" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள். முன்பு சொன்ன ஆசிரியையை எடுப்போம். படிப்பிப்பது அவருக்குக் கஷ்டம் இல்லை. கஷ்டம் நான்கு விடயங்கள்: காலை பஸ், மாடிப்படி, கரும்பலகை, கொப்பி திருத்துவது. முதலாம் பாடவேளையை ஓய்வாக்கினால் விறைப்புத் தெளிய நேரம் கிடைக்கும். வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றலாம். கரும்பலகையில் எழுத ஒரு மாணவியை விடலாம், அல்லது அட்டையில் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பேனையைச் சுற்றித் துணியோ றபரோ கட்டித் தடிப்பாக்கினால் விரலை இறுக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு, மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஆனால் அதிபரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். வருத்தக்காரி என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். கலியாணமாகாத பிள்ளை என்றால் பயம் இரட்டிப்பு. வீட்டுக்காரரே "வெளியில சொல்லாதை" என்பார்கள்.

வீட்டுப் பக்கமும் அதே மாதிரித்தான். கிணற்றுக்கு மோட்டார், திருகாமல் தட்டித் திறக்கும் குழாய், தேங்காய் திருவும் மெசின், பாரத்தை விரலில் தூக்காமல் முழங்கையில் கொழுவும் பை, இவை ஆடம்பரம் அல்ல. இவற்றிலும் பெரியது, வீட்டில் உள்ள ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் உடுப்பைப் பிழிந்து காயப்போடுவது. அதற்கு மெசினும் தேவையில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசமாகிவிடும். எனக்கு இந்த நோய் 34 வயதில் வந்தது. அப்போது மகப்பேற்றுத் துறையில் மேற்படிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். இரவு இரண்டு மணிக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நின்று, விடிய வீட்டுக்கு வந்து கதவுத் திறப்பைத் திருப்ப முடியாமல் நிற்பேன். ஒரு மூத்த வைத்தியர், நல்லெண்ணத்தோடுதான், "வீட்டில இருந்து பிள்ளையளைப் பாருங்கோ, டொக்டர்" என்றார். ஆண் வைத்தியர் ஒருவரிடம் அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்று நான் அன்று யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன்.

மருந்து பிடிக்க ஐந்து மாதம் ஆனது. பிறகு நானும் ஒரு தாளை எடுத்து எழுதினேன். நோயாளியிடம் கேட்பது, யோசிப்பது, விளக்குவது எல்லாம் முடியும். நீண்ட நேரம் கருவி பிடிப்பதும் இரவுக் கடமையும் ஏலாது. அதனால் மகப்பேற்றுத் துறையை விட்டு, வெளிநோயாளர் பிரிவுக்கும் நீரிழிவு கிளினிக்குக்கும் வந்தேன். அது எனக்கு இழப்புத்தான். ஒரு பிள்ளையை வெளியே எடுத்து அதன் முதல் அழுகையைக் கேட்பது வேறெதற்கும் ஈடாகாது. இழப்பு இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் பத்து வருடமாக ஒவ்வொரு காலையும் எழும்பிப் போக எனக்கு ஓர் இடம் இருக்கிறது. என் சொந்தச் சம்பளத்தில் என் தாயாரைப் பார்க்கிறேன். விரல்கள் நோகும் நாட்களிலும் நான் ஒரு நோயாளி மட்டுமல்ல என்பது அங்கே எனக்குத் தெரிகிறது.

வேலையை விட்ட சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மருந்துக்கு அடங்காத நோயும் உண்டு. நுரையீரலைத் தொடும் நோயும் உண்டு. எந்த மாற்றத்துக்கும் இடம் தராத வேலையும் உண்டு. எல்லாவற்றையும் பார்த்து ஒருத்தி போதும் என்று முடிவெடுத்தால் அது தோல்வி அல்ல. அவளைப் பார்த்து "மற்றவை எல்லாம் சமாளிக்கினம்தானே" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அதே நோய் இரண்டு பேரில் ஒரே மாதிரி இருப்பதில்லை.

ஆனால் விடுவதென்றால் முறையாக விடுங்கள். அரச சேவையில் இருப்பவர் தானாக விலகல் கடிதம் கொடுத்தால் ஓய்வூதிய உரிமை போய்விடும். மருத்துவ சபையின் முன் தோன்றி, மருத்துவக் காரணத்தில் ஓய்வு பெறுவது வேறு வழி. எத்தனை வருடச் சேவை இருக்கிறது, எது கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிய பின்பே கையொப்பம் வையுங்கள். தனியார் துறையில் இருப்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதியம் இருக்கிறது. பெண்கள் 50 வயதில் அதைப் பெறலாம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை என்றால் அதற்கு முன்பும் விண்ணப்பிக்கலாம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறைபாட்டைக் காட்டி வேலைக்கு ஆள் சேர்ப்பதில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது.

வெளிநாடுகளில் வாழும் எங்கள் பழைய மாணவிகளும் இந்த மலரைப் படிப்பார்கள். பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டியது தொழில்தருநரின் கடமை. அவுஸ்திரேலியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கனடாவின் மனித உரிமைச் சட்டங்களும் அவ்வாறே. லண்டனில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தங்கையோ, ரொறன்ரோவில் தொழிற்சாலையில் நிற்கும் அக்காவோ, நோவு குளிசையைப் போட்டுக்கொண்டு வாய் மூடி நிற்க வேண்டியதில்லை. நேரமாற்றமும் இருக்க ஒரு கதிரையும் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

கடைசியாக, இந்த மண்டபத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று அதிபர்கள், வங்கி முகாமையாளர்கள், பணிமனைகளின் தலைவர்கள். உங்கள் மேசைக்கு ஒரு பெண் மருத்துவச் சான்றிதழோடு வருவாள். "ஏலாது எண்டால் வீட்டில இருங்கோவன்" என்று சொல்லாமல், "எந்த வேலை ஏலாது, எந்த வேலை ஏலும்?" என்று கேளுங்கள். மாமியாராக இருப்பவர்கள் மருமகளிடமும், தாயாக இருப்பவர்கள் மகளிடமும் அதையே கேளுங்கள். சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். நோய் காரணமாக வேலையில் சிக்கல் வரும் பழைய மாணவிக்கு, சட்டமும் ஓய்வூதியமும் தெரிந்த எங்கள் அக்காமார் இரண்டு மூன்று பேர் ஆலோசனை சொல்ல முன்வந்தால், இந்த நூற்றாண்டின் நல்ல நினைவாக அது இருக்கும். மருத்துவப் பக்கத்துக்கு என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.